மரடு: ஊராட்சி மேசையில் தொடங்கிய இடிப்பு

கொச்சியை அடுத்த மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்து இடிக்கப்பட்டன. முதல் நாள் எச்2ஓ ஹோலி ஃபெய்த்தும் ஆல்ஃபா செரீனின் இரட்டைக் கோபுரங்களும் விழுந்தன. மறுநாள் ஜெயின் கோரல் கோவும் கோல்டன் காயலோரமும் விழுந்தன. மொத்தம் 343 வீடுகள். ஏறக்குறைய 76,000 டன் இடிபாடு. எல்லாமே காயலோரம் கட்டியவை.

கொல்லங்கோடு, நீரோடி, களியக்காவிளை, பாறசாலை, பூவார் என்று இந்தக் கேரள–தமிழ்நாட்டு எல்லைப் பகுதியில் அன்று தொலைக்காட்சி முன் உட்காராதவர்கள் குறைவு. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் கொச்சித் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்கின்றன. கட்டட வேலைக்கும் இங்கிருந்து ஆட்கள் அங்கே போகிறார்கள். அதனால் மரடு எங்களுக்குத் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. ஆனால் பார்த்த பலரின் மனதில் தங்கியது புழுதி மட்டும்தான். 'சுப்ரீம் கோர்ட் இடிச்சுட்டாங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

நான் நிலம், வீடு வாங்குவோருக்கு ஆவணங்களைப் படித்துச் சொல்கிற வேலையில் இருப்பவன். இந்த வழக்கின் வரிசையை முதலிலிருந்து படித்தால், இடிப்பு முடிவானது 2019இல் டெல்லியில் என்று எனக்குத் தோன்றவில்லை. 2006இல் மரடு ஊராட்சி அலுவலகத்து மேசையிலேயே அது முடிவாகிவிட்டது. அங்கே கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் கட்டட அனுமதியில் கையெழுத்துப் போட்டார்கள். மற்றதெல்லாம் அதன் பின்விளைவு. எங்கள் கரையிலும் அதே மாதிரி மேசைகள் இருப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

2006: அனுப்பப்படாத கோப்பு

சட்டம் அப்போது புதிதாக வந்ததில்லை. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1991 பிப்ரவரி 19 அன்றே கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்துவிட்டது. கடற்கரை என்று பெயர் இருந்தாலும் அது கடலோரத்தோடு நிற்பதில்லை. ஏற்றவற்றம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, எட்டும் ஆறு, கழி, காயல் எல்லாவற்றின் கரைகளும் அதற்குள் வரும். பலருக்கு இன்றும் இது தெரியாது. கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே, நமக்கென்ன என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த அறிவிக்கை கரையை வகை பிரித்தது. கண்டல் காடு (அலையாத்திக் காடு) போன்ற, தொடவே கூடாத இடங்கள் முதல் வகை. நகர எல்லைக்குள் ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்துவிட்ட கரை இரண்டாம் வகை. அதிகம் கட்டப்படாத ஊர்ப்புறக் கரை மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் காயலோரம் என்றால், உயர் ஏற்றக் கோட்டிலிருந்து (ஏற்றத்தில் நீர் அதிகபட்சம் எட்டும் கோடு) 100 மீட்டர், அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அதுவரை புதிதாகக் கட்டக் கூடாது. 1996இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட கேரளக் கடற்கரைத் திட்ட வரைபடத்தில் மரடு மூன்றாம் வகையில் இருந்தது. அப்போது அது ஊராட்சி. 2010இல்தான் நகராட்சி ஆனது.

கரையோரக் கட்டட விண்ணப்பம் வந்தால் ஊராட்சி செய்ய வேண்டியது எளிய காரியம். கோப்பைக் கேரளக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு அனுமதியைப் பற்றி யோசிக்க வேண்டும். 2006இல் மரடு ஊராட்சி அதைச் செய்யவில்லை. ஆணையத்தைக் கேட்காமலே பல மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தது. பிற்பாடு உச்ச நீதிமன்றம் எல்லா வாதங்களையும் தள்ளிவிட்டுக் கடைசியில் வந்து நின்றது இந்த இடத்தில்தான்: ஒப்புதல் இல்லாத இடத்தில், ஒப்புதல் கேட்காமல் கட்டியது.

உள்ளாட்சி அலுவலகங்களின் நிலைமை எனக்கு ஓரளவு தெரியும். பொறியாளர் ஒருவரே இருப்பார். அவருக்குச் சாலை, குடிநீர், வீட்டு அனுமதி எல்லாம் சேர்ந்து வரும். கடற்கரை வரைபடம் மாநிலத் தலைநகரில் இருக்கும். பெரிய கட்டடம் வந்தால் வரி வரும், ஊர் வளரும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். இதெல்லாம் உண்மை. ஆனாலும் ஒரு கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பது எந்த ஊராட்சியாலும் முடியாத காரியம் இல்லை.

2007 முதல் 2015 வரை

என் பார்வையில் இந்த வழக்கின் மிக முக்கியமான பகுதி இதுதான். செய்திகளில் மிகக் குறைவாக வந்ததும் இதுதான்.

தவறு அடுத்த ஆண்டே கண்டுபிடிக்கப்பட்டது. மாநில உள்ளாட்சித் துறையின் கண்காணிப்புப் பிரிவு விதிமீறல்களைச் சுட்டிக்காட்ட, 2007இல் ஊராட்சியே கட்டுநர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் கட்டத்தில் வேலை நின்றிருந்தால் இழப்பு கட்டுநர்களோடு போயிருக்கும். குடும்பங்கள் யாரும் உள்ளே வந்திருக்க மாட்டார்கள்.

கட்டுநர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய் நோட்டீசுக்குத் தடை வாங்கினார்கள். தடை நடவடிக்கைக்கு மட்டும்தான், கட்டுமானத்துக்கு இல்லை. வழக்கு ஒரு பக்கம் நடந்தது, தூண்கள் இன்னொரு பக்கம் எழுந்தன. 2012இல் தனி நீதிபதி நோட்டீஸ்களை ரத்து செய்தார். 2015இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. அனுமதி கொடுத்தது உள்ளாட்சி. அதன் பிழைக்காக அனுமதி பெற்றவரைத் தண்டிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். இதற்குள் வீடுகள் விற்றுத் தீர்ந்திருந்தன. கட்டடங்களுக்கு எண் கிடைத்தது. மின் இணைப்பும் குடிநீரும் வந்தன. குடியிருந்தவர்கள் நகராட்சிக்கு வரியும் கட்டினார்கள்.

நீதிமன்றத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் கட்டடத்தின் பக்கம்தான் நிற்கிறது. காலி நிலத்தின் மீதான வழக்கும் குடியேறிய கட்டடத்தின் மீதான வழக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் கரையோரத்தில் கண்காணிப்பு என்று ஒன்று இருந்தால் அது அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். அதற்குப் பின் நடப்பதெல்லாம் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்ற கணக்குதான்.

கடற்கரை ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் மூன்று பேர் குழுவை வைத்து அந்த இடம் எந்த வகை என்று ஆராயச் சொன்னது. அனுமதி கொடுத்த காலத்தில் அது மூன்றாம் வகைதான் என்று அறிக்கை வந்தது. 2019 மே 8 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் நவீன் சின்ஹாவும் ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் அகற்ற உத்தரவிட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு பலருக்கு அதிர்ச்சியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2018 ஜனவரியில் இதே கொச்சியில், சிலவன்னூர் காயலோரத்து டி.எல்.எஃப் நிறுவன அடுக்குமாடி வழக்கில், இடிக்கச் சொல்லாமல் ஒரு கோடி ரூபாய் அபராதத்தோடு விட்ட உயர் நீதிமன்ற முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது. மரடிலும் அப்படித்தான் முடியும் என்று குடியிருந்தவர்கள் நம்பியிருக்கலாம். அபராதம் கட்டினால் போதும் என்ற அந்த எண்ணம் கரையோரத்துக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடிகளில் விற்கும் கட்டடத்துக்கு ஒரு கோடி என்பது செலவுக் கணக்கில் இன்னொரு வரி.

வீட்டை இழந்தவர்கள்

2019 செப்டம்பர் கடைசியில் மின்சாரமும் குடிநீரும் துண்டிக்கப்பட்டன. அக்டோபர் தொடக்கத்தில் ஆட்கள் வெளியேறினார்கள். வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு என்றும், அதை முதலில் மாநில அரசு கொடுத்துப் பிறகு கட்டுநர்களிடம் வசூலிக்கலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் இழப்பீட்டுக் குழு வந்தது. அதே அக்டோபரில் கட்டுநர் ஒருவரும், ஊராட்சியின் முன்னாள் செயலரும், இன்னொரு முன்னாள் அலுவலரும் கைது செய்யப்பட்டார்கள்.

குடியிருந்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கையில் ஊராட்சி அனுமதி இருந்தது, பத்திரம் இருந்தது, கட்டட எண் இருந்தது, வரி ரசீது இருந்தது. வங்கி கடன் கொடுத்திருந்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் ஒருவர் இதற்கு மேல் எதைப் பார்ப்பார்? அரசு கொடுத்த காகிதத்தை நம்பியவர் வீட்டை இழந்தார். அந்தக் காகிதத்தைத் தப்பாகக் கொடுத்த மேசை அப்படியே இருக்கிறது. கரையோர நிலங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசுகிற என்னைப் போன்றவர்கள் இந்த வலியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. முறையான கண்காணிப்பு என்பது நீர்க்கோழிக்கும் இறாலுக்கும் மட்டுமான பாதுகாப்பு இல்லை. வீடு வாங்குகிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

இங்கே ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயோரம் ஆறு சென்ட் வாங்க நினைத்த ஒரு தம்பி என்னிடம் வந்தார்.

"பெர்மிட்டு எல்லாம் கெடைச்சிரும்னு சொல்லுகாவ அண்ணே. அப்புறம் என்ன பயம்?"

"மரடிலயும் பெர்மிட்டு இருந்துச்சு மக்கா."

வெகு நேரம் பேசினோம். சர்வே எண்ணைக் கடற்கரை வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நகர்ந்த கோடு

மரடு வழக்கில் குடியிருந்தவர்கள் தரப்பில் ஒரு வாதம் வந்தது. 2011 அறிவிக்கையின்படி தயாரான புதிய வரைபடம் 2019 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. நகராட்சியாகிவிட்ட மரடு அதில் இரண்டாம் வகைக்கு வந்துவிட்டது. இன்று விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்கக்கூடிய இடத்தில் எதற்கு இடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அனுமதி கொடுத்த நாளில் எந்த வரைபடம் செல்லுபடியாக இருந்ததோ அதுதான் கணக்கு என்றது.

சட்டப்படி அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வாதம் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. கரை அதே கரை, ஏற்றவற்றம் அதே ஏற்றவற்றம். ஊராட்சி நகராட்சியானதும், நாலு கட்டடம் பெருகியதும் பாதுகாப்பின் அளவு மாறிவிடுகிறது. 2019 ஜனவரி 18இல் வந்த அறிவிக்கை இதை இன்னும் தளர்த்தியது. காயல், ஆற்றோரங்களில் 100 மீட்டர் என்றிருந்தது 50 மீட்டராகச் சுருங்கியது. அந்த அறிவிக்கைப்படியான கேரள வரைபடத்துக்கு 2024 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தபோது, 66 கிராம ஊராட்சிகள் மூன்றாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குப் போயின. மாநிலம் கேட்டது 175 ஊராட்சிகளுக்கு.

கரையிலேயே தலைமுறைகளாக வாழும் மீனவக் குடும்பம் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாமல் தவித்ததும் உண்மைதான். அவர்களுக்குத் தளர்வு தேவை. ஆனால் கோடு நகரும்போது அந்த இடைவெளிக்குள் முதலில் நுழைவது ஓர் அறைக்காரராக இருப்பதில்லை.

2019 அறிவிக்கையில் இன்னொரு ஷரத்து உண்டு. சொந்தக் குடியிருப்புக்கு 300 சதுர மீட்டர் வரை கட்டுவதற்கு மாநில ஆணையத்தின் பரிந்துரை வேண்டாம், உள்ளாட்சியே அனுமதிக்கலாம். ஆனால் கடற்கரை விதிகளின் பார்வையில் ஆராய்ந்துவிட்டே அனுமதிக்க வேண்டும். 300 சதுர மீட்டர் சின்ன வீடு இல்லை. மரடில் கோட்டைவிட்ட அதே மேசையிடம் இப்போது இன்னும் அதிகப் பொறுப்பு வந்திருக்கிறது.

நெடியதுருத்து: வலைக்காரர்கள் பார்த்தது

மரடுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழக்கு உண்டு. ஆலப்புழை மாவட்டம் பாணாவள்ளி ஊராட்சி, வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து என்ற தீவு. அங்கே கேப்பிகோ என்ற ரிசார்ட் 54 வில்லாக்களோடு எழுந்தது. இங்கும் ஊராட்சி 2007இல் அனுமதி கொடுத்திருந்தது.

ஆனால் இதைப் பிடித்தது அலுவலகம் இல்லை, மீனவர்கள். காயலில் கம்புகளை ஊன்றி, நீரோட்டத்தில் வரும் இறாலைப் பிடிக்கும் ஊன்றுவலை அவர்கள் தொழில். தீவில் வேலை தொடங்கியபோது வலை ஊன்றிய இடங்களுக்குக் கேடு வந்தது. அவர்கள் போட்ட வழக்கில் 2013 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 10 அன்று, மரடில் முதல் கட்டடம் விழுவதற்கு முந்தைய நாள், உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 அறிவிக்கை வேம்பநாட்டை மிகவும் பலவீனமான கடற்கரைப் பகுதி என்று தனியாகக் குறித்திருந்ததும் அந்தத் தீர்ப்பில் முக்கியமாக நின்றது. உண்மையில் இடிக்கத் தொடங்க 2022 செப்டம்பர் ஆனது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

காயல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இந்த மீனவர்கள் ஏன் முதலில் பார்த்தார்கள் என்பது புரியும். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றத்தோடு காயலுக்குள் வந்து, கரையோரச் சேற்றிலும் கண்டல் வேர்களுக்கிடையிலும் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். நடுக்காயலைவிட ஓரம்தான் அவற்றுக்கு வீடு. கட்டடம் வரும்போது முதலில் செய்வது ஓரத்தில் கருங்கல் கட்டு வைத்து உள்ளே மண்ணடிப்பது. அதோடு சரிவான சேற்றுக்கரை செங்குத்துச் சுவராகிவிடும். ஆழமில்லாத நீர் போய்விடும். வெள்ளக்காலத்தில் தண்ணீர் ஏறிப் பரவும் இடமும் போய்விடும். வேம்பநாடு–கோள் ஈரநிலம் 2002இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது அதன் பரப்பு 1,51,250 ஹெக்டேர். அதில் ஒரு கட்டடம் எவ்வளவு இடத்தை எடுத்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பரப்பைப் பார்த்தால் கொஞ்சம்தான். ஓரத்தின் நீளத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு கட்டடமும் எடுப்பது ஓரத்திலிருந்துதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரடு தீர்ப்பு கட்டடங்களை அகற்றச் சொன்னது. அந்தக் கரையை மறுபடி ஈரநிலமாக்குவது அந்த உத்தரவின் பகுதி இல்லை. மண்ணடித்த கரை, கட்டடம் போனதும் தானாகக் காயலாகிவிடாது.

எங்கள் கரை

நெய்யாறு பூவாரில் கடலோடு சேர்கிறது. அலையும் ஆறும் சேர்ந்து அங்கே மணல் திட்டு போடும். அந்தப் பொழிமுகம் அடைபட்டால் ஆற்று நீர் பின்னால் ஏறி, கண்டல் நிற்கும் ஓரங்களிலும் தாழ்ந்த நிலங்களிலும் நிற்கும். அந்த ஓரங்களில் ரிசார்ட்டுகளும் மிதக்கும் குடில்களும் இருக்கின்றன. படகு சவாரிக்குச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், அதை நம்பிப் பிழைப்பவர்களும் உண்டு. 1860இல் திருவிதாங்கூர் ஆட்சியில் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் இங்கேதான் ஆற்றைத் தொட்டு, கரையை ஒட்டிக் குமரி மாவட்டத்துக்குள் வருகிறது. எங்கள் பக்கத்தில் பல இடங்களில் அது தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. 1956 நவம்பர் 1இல் நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது, விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. தண்ணீர் ஒன்றுதான். கோப்புகள் இரண்டு தலைநகரங்களுக்குப் போகின்றன.

கேரளப் பக்கத்தில் உள்ளூர் கண்காணிப்புக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் அதன் தலைவர், கிருஷிபவன் (வேளாண் அலுவலகம்) அலுவலர் அதன் கூட்டுநர். வில்லேஜ் ஆபீசரும் நெல் விவசாயிகளின் பிரதிநிதிகள் மூன்று பேரும் உறுப்பினர்கள். எந்தச் சர்வே எண் நெல்வயல், எது ஈரநிலம் என்று செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு தரவுத்தொகுப்பு தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை. ஊர்க்காரர் உட்கார்ந்து ஊர் நிலத்தைப் பார்ப்பது என்பதால் எனக்கு இந்த அமைப்பின் மீது மரியாதை உண்டு. 2018 திருத்தம் அதைப் பலவீனப்படுத்தியது. தரவுத்தொகுப்பில் ஏறாத வயல்களைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வழி திறந்துவிட்டது. ஆகவே ஒரு சர்வே எண் பட்டியலில் இருக்கிறதா விட்டுப்போயிருக்கிறதா என்பதே இப்போது அதன் தலைவிதி.

தமிழ்நாட்டில் இதற்கு நேரான உள்ளூர்க் குழு சட்டம் இல்லை. 2017ஆம் ஆண்டு மத்திய ஈரநில விதிகளின் கீழ் மாநில ஆணையம் இருக்கிறது. ஆனால் அந்த விதிகளில் ஈரநிலம் என்பதற்கான விளக்கமே பாசனத்துக்காக வெட்டிய குளத்தையும் நெல்வயலையும் வெளியே விட்டுவிடுகிறது. குமரி மாவட்டத்தின் நீர்நிலைகளில் பெரும்பாலானவை பாசனக் குளங்கள். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூரும் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறின. முதலாவது சுமார் 94 ஹெக்டேர், மற்றது 20 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. 2015இல் சுசீந்திரம்–தேரூர்–மணக்குடி பாதுகாப்புக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. அவை நல்ல செய்திகள். பட்டியலில் இல்லாத நூற்றுக்கணக்கான குளக்கரைகளும் ஏலாக்களும் (வயல்வெளிகளும்) பிளாட் போடுகிறவரின் கண்ணில் இன்னமும் வெறும் இடம்தான்.

கரையோரத்தைப் பொறுத்தவரை இரண்டு மாநிலங்களுக்கும் பொதுவான ஒரு கருவி இருக்கிறது. அதை ஏறக்குறைய யாரும் பயன்படுத்துவதில்லை. 2011 அறிவிக்கையிலேயே மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு வேண்டும், அதில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர் கரைச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நெடியதுருத்தில் வலைக்காரர்கள் நீதிமன்றம் ஏறிச் செய்ததை, அந்தக் குழு உயிரோடு இருந்தால், மாவட்டத் தலைநகரிலேயே ஒரு மனுவில் தொடங்கியிருக்கலாம். நம் ஊரிலிருந்து அதில் யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடியது, எந்தக் கோப்பைப் பார்த்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம்.

கொல்லங்கோடு இப்போது நகராட்சி. மரடு போன அதே பாதையில் ஒரு படி ஏறியிருக்கிறோம். இனி வரும் வரைபடத் திருத்தங்களில் நம் கரை எந்த வகையில் போகிறது என்பதை ஊர்தான் பார்க்க வேண்டும். வரைவு வரைபடம் கருத்துக் கேட்புக்கு வரும்போது பெரும்பாலும் 1:25,000 அளவுத் தாளில் வரும். அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். பேனா முனையின் தடிமனுக்குள் ஒரு வீடு மறைந்துவிடும். சர்வே எண் தெரியும் ஊர் அளவு வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கண்டல் நிற்கும் துண்டுகள், படகு ஏற்றும் இடம், வலை காயவைக்கும் இடம், பொழி அடைபடும்போது தண்ணீர் ஏறும் எல்லை, இவற்றையெல்லாம் அதில் குறித்து எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத்தில் இல்லாததை எந்த நீதிமன்றமும் பார்க்க முடியாது.

வாங்குகிறவர் கேட்க வேண்டியது இதைவிடச் சுருக்கம். கடற்கரை ஆணையத்திடமிருந்து வந்த கடிதத்தின் எண்ணும் தேதியும் என்ன? சொந்த வீட்டு அளவு என்பதால் கடிதம் தேவையில்லை என்று சொன்னால், கடற்கரை விதிப்படி ஆராய்ந்ததாக அலுவலகக் கோப்பில் எழுதிய குறிப்பின் நகல் எங்கே? கேரளப் பக்கம் என்றால், தரவுத்தொகுப்பில் அந்தச் சர்வே எண் எப்படி இருக்கிறது, அடிப்படை வரிப்பதிவேட்டில் வயலா கரைநிலமா (மேட்டு நிலமா)? விற்பவர் 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். அண்ணன் தம்பி முறையில் பழகியவராக இருந்தாலும் சரி.

ஊராட்சிகளும் நகராட்சிகளும் செய்யக்கூடியதும் பெரிய செலவில்லாதது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் வரும் எல்லாக் கட்டட விண்ணப்பங்களுக்கும் தனிப் பதிவேடு வைக்கலாம். எந்தத் தேதியில் கோப்பு ஆணையத்துக்குப் போனது, என்ன பதில் வந்தது என்று அதில் எழுதலாம். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்க விடலாம். ஊர் அளவு கடற்கரை வரைபடத்தை அனுமதிப் பிரிவின் சுவரிலேயே ஒட்டி வைக்கலாம். 2006இல் மரடு அலுவலகத்தில் அப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால், பதில் வந்த தேதிக்கான கட்டம் காலியாக இருப்பதை யாராவது ஒருவர் பார்த்திருப்பார்.

தமிழ்நாட்டில் இன்னும் ஊராட்சிகளாக இருக்கும் ஊர்களில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் சேர்த்தது. கரையோர விண்ணப்பங்களின் பட்டியலைச் சபையில் படிக்க வேண்டும் என்று ஒரே ஒரு தீர்மானம் அன்று போடலாம். அதற்கு யாரும் சட்டம் திருத்தத் தேவையில்லை, எழுந்து நின்று கேட்க ஆள் வேண்டும். நகராட்சியானவர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் இதையே மனுவாகக் கொடுக்கலாம். மனு எழுத வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன்.